தலைவரின் மனநிலையை யார் எடைபோடுவது?

வாசகர் கேள்விகளுக்கு மனநல மருத்துவரின் பதில்கள்

கேள்வி: தொலைக்காட்சியில் அன்றாடம் பார்க்கிற ஒரு வெளிநாட்டுத் தலைவர் தன்னைப் பற்றியே பேசுகிறார், விமர்சிப்பவர்களை நள்ளிரவில்கூடச் சமூக ஊடகத்தில் வசைபாடுகிறார், நேற்றுச் சொன்னதை இன்று மறுக்கிறார். இப்படிப்பட்டவருக்கு இன்ன மனநோய் என்று உங்களைப் போன்ற மருத்துவர்கள் வெளிப்படையாக அறிவித்துவிட்டால் மக்கள் விழித்துக்கொள்ள மாட்டார்களா?
*(வாசகர், சேலம்)*

பதில்: அறிவித்துப் பார்த்தாயிற்று. 1964-இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி சார்பில் செனட்டர் பேரி கோல்ட்வாட்டர் போட்டியிட்டார். அணு ஆயுதம் பற்றி அவர் பேசிய தோரணை பலரையும் கலவரப்படுத்தியிருந்தது. அந்தச் சமயத்தில் 'ஃபேக்ட்' என்னும் பத்திரிகை, நாடெங்கும் இருந்த 12,356 மனநல மருத்துவர்களுக்கு, அதிபர் பதவிக்குக் கோல்ட்வாட்டர் உளவியல்ரீதியாகத் தகுதியானவரா என்று கேட்டுக் கடிதம் அனுப்பியது. 2,417 பேர் பதில் எழுதினார்கள். அவர்களில் 571 பேர், கருத்துச் சொல்லும் அளவுக்குத் தங்களுக்கு அவரைத் தெரியாது என்று ஒதுங்கிக்கொண்டார்கள். 657 பேர் தகுதியானவர் என்றார்கள். 1,189 பேர் தகுதியற்றவர் என்றார்கள். மூன்றாவது எண்ணிக்கை மட்டும் கொட்டை எழுத்தில் அட்டைக்கு வந்தது. பதில் எழுதாத ஏறத்தாழ பத்தாயிரம் பேரைப் பற்றி அட்டையில் எவரும் பேசவில்லை.

உள்ளே அச்சான கருத்துகளை இன்று படிக்கிற எந்த மனநல மருத்துவருக்கும் தலை குனியத்தான் தோன்றும். ஒருவர் அவருக்கு மனச்சிதைவு நோய் என்றார், சிலர் அவரை ஹிட்லரோடும் ஸ்டாலினோடும் ஒப்பிட்டார்கள், வேறு சிலர் அவருடைய குழந்தைப் பருவத்துக்குள் நுழைந்து தாய்தந்தையரைப் பற்றி ஆராய்ச்சி செய்தார்கள். இவர்கள் செய்தித்தாளில் படித்ததை வைத்தே எழுதினார்கள். தேர்தலில் லிண்டன் ஜான்சனிடம் படுதோல்வி அடைந்த கோல்ட்வாட்டர், பத்திரிகைமீது அவதூறு வழக்குத் தொடுத்தார். நியூயார்க்கில் 1968-இல் நடந்த விசாரணையின் முடிவில் நடுவர் குழு அவருக்கு நேரடி இழப்பீடாக ஒரே ஒரு டாலரும், தண்டனை இழப்பீடாக 75,000 டாலரும் வழங்கியது. மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நிலைத்தது. 1970-இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது. 1973-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நெறிமுறையில் ஒரு விதியைச் சேர்த்தது: நேரில் பரிசோதிக்காமலும் உரிய ஒப்புதல் பெறாமலும் ஒரு பொது மனிதரின் மனநலம் குறித்து மருத்துவர் தொழில்முறைக் கருத்துச் சொல்வது நெறியாகாது. அதைத்தான் கோல்ட்வாட்டர் விதி என்கிறோம்.

இந்த விதி ஏதோ தொழில் மரியாதைக்காக வந்தது என்று நினைக்க வேண்டாம். புறநோயாளிப் பிரிவில் ஒருவர் எதிரில் வந்து அமர்ந்தால், தூக்கம், பசி, வேலை, குடிப்பழக்கம், பரம்பரையில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்போம். பிறகு கூட வந்தவரைத் தனியே அழைத்து அதே கேள்விகளைக் கேட்போம், இரண்டு பதில்களும் பெரும்பாலும் ஒத்துப்போகா. படபடப்பும் எரிச்சலும் தைராய்டினால் வரலாம். மறதி வைட்டமின் பி12 குறைவினால் வரலாம். ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று குணம் மாறினால் மூளையில் கட்டி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் முதல் நாளில் எழுதிய நோய்ப்பெயரை மூன்றாம் மாதத்தில் அடித்து எழுத நேர்வதுண்டு. மேடையில் நின்று கைதட்டலுக்காகப் பேசும் ஒருவரைத் திரையில் பார்த்து இவற்றில் எதைக் கண்டுபிடிப்பது?

கோல்ட்வாட்டரின் கதை அங்கே முடியவில்லை. 1974 ஆகஸ்டில், வாட்டர்கேட் ஊழலில் சிக்கியும் பதவியை விடாமல் இருந்த அதிபர் நிக்சனைச் சந்தித்து, செனட்டில் உங்களுக்கு ஆதரவு மிஞ்சவில்லை என்று சொல்லப் போன மூன்று குடியரசுக் கட்சித் தலைவர்களில் அவரும் ஒருவர். மறுநாள் நிக்சன் விலகலை அறிவித்தார். தகுதியற்றவர் என்று 1,189 மருத்துவர்கள் சொன்ன மனிதர் அன்றைக்கு நிதானமாகத்தான் நடந்துகொண்டார்.

கேள்வி: ஆபத்து கண்ணுக்குத் தெரிகிறபோது மருத்துவர் வாய்மூடி இருப்பது கோழைத்தனம் இல்லையா?
*(வாசகர், திருச்சி)*

பதில்: டிரம்பின் முதல் பதவிக்காலத்தில் இந்தக் கேள்வியைத்தான் அமெரிக்காவில் பலர் எழுப்பினார்கள். 2017-இல் 27 மனநல வல்லுநர்கள் சேர்ந்து ஒரு கட்டுரைத் தொகுப்பையே வெளியிட்டார்கள். நோயாளியால் இன்னொருவருக்கு ஆபத்து என்று தெரிந்தால் அந்த இன்னொருவரைக் காக்க மருத்துவர் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976-இல் கூறியதை அவர்கள் துணைக்கு அழைத்தார்கள். அந்தத் தீர்ப்பு தன்னிடம் சிகிச்சைக்கு வந்தவரைப் பற்றியது. தன்னிடம் வராத ஒருவரை அதன்கீழ்க் கொண்டுவருவது, எவ்வளவு நல்லெண்ணத்தோடு செய்தாலும், வலிந்து பொருள் கொள்வதே ஆகும்.

அந்த விவாதத்தில் என் மனத்துக்கு நெருக்கமாக இருந்தது ஆலன் ஃபிரான்சிஸ் என்ற மூத்த மருத்துவரின் நிலைப்பாடு. அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூலின் நான்காம் பதிப்பை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அவர். தற்பெருமை ஆளுமைக் கோளாறுக்கான அடையாளங்களை வகுத்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. டிரம்பைக் கடுமையாக எதிர்த்த அவரே, டிரம்புக்கு அந்தக் கோளாறு இருப்பதாகச் சொல்வதை மறுத்தார். கோளாறு என்று சொல்ல வேண்டுமானால் அது அந்த மனிதருக்கே துன்பமோ முடக்கமோ தந்திருக்க வேண்டும். டிரம்ப் மற்றவர்களுக்குத் துன்பம் தருகிறாரே தவிர, அந்தக் குணங்களால் அவருக்குப் பலன்தான் கிடைத்திருக்கிறது என்பது அவர் வாதம். கெட்ட நடத்தைக்கு நோய்ப்பெயர் சூட்டினால், உண்மையில் நோயோடு போராடும் எளிய மனிதர்களுக்குத்தான் அவமானம் என்றும் எழுதினார்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மருத்துவரும் வாக்காளர்தான். ஒரு தலைவரின் கொள்கை கொடுமையானது, பேச்சு பொய்யானது என்று குடிமகனாக எழுதவும் பேசவும் எனக்கு உரிமை உண்டு. வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு அதைச் சொல்லும்போதுதான் சிக்கல் வருகிறது. சோவியத் ஒன்றியத்தில் அரசை விமர்சித்தவர்களுக்கு 'மந்தகதி மனச்சிதைவு' என்று பெயர் வைத்து மருத்துவமனையில் பூட்டினார்கள். உயிரியலாளர் ழோரெஸ் மெத்வதேவ் 1970-இல் அப்படி அடைக்கப்பட்டு, உலகெங்கும் அறிவியலாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்த பிறகே வெளியே வந்தார். அங்கே ஆட்சியின் கையில் இருந்த அதே கருவியை இங்கே ஆட்சிக்கு எதிரானவர்கள் எடுத்துக்கொள்வதை என்னால் ரசிக்க முடியவில்லை.

கேள்வி: அறிவாற்றல் சோதனையில் 30-க்கு 30 வாங்கியதாக டிரம்ப் பெருமை பேசினாரே, அது போதாதா?
*(வாசகர், நாகர்கோவில்)*

பதில்: 2018-இல் அவர் எழுதியது மான்ட்ரியல் சோதனை. அதில் கடிகாரம் வரைந்து முள் வைக்க வேண்டும், சிங்கம், காண்டாமிருகம், ஒட்டகம் படங்களுக்குப் பெயர் சொல்ல வேண்டும், ஐந்து சொற்களைச் சற்று நேரம் கழித்து நினைவுகூர வேண்டும், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும். மறதிநோயின் தொடக்கத்தைச் சல்லடை போட்டுப் பார்க்கும் சோதனை அது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதில் மதிப்பெண் குறைந்தால் கவலைப்பட வேண்டியதுதான். முழு மதிப்பெண் வாங்கியவரின் தீர்ப்புத்திறன், பொறுமை, நேர்மை ஆகியவற்றைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

கேள்வி: மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்ற ஒருவரை நாட்டின் தலைமைக்குத் தேர்ந்தெடுக்கலாமா? நெருக்கடியில் உடைந்துபோக மாட்டாரா?
*(வாசகி, தஞ்சாவூர்)*

பதில்: இரண்டு நாடுகள் இந்தக் கேள்விக்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன.

1972-இல் அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜார்ஜ் மெக்கவர்ன், துணை அதிபர் வேட்பாளராக மிசௌரி செனட்டர் தாமஸ் ஈகிள்டனைத் தேர்ந்தெடுத்தார். 1960-க்கும் 1966-க்கும் இடையே ஈகிள்டன் மூன்று முறை மருத்துவமனையில் சேர்ந்ததும், மனச்சோர்வுக்காக அவருக்கு மின்அதிர்வுச் சிகிச்சை தரப்பட்டதும் பத்திரிகைகளுக்குத் தெரிந்துவிட்டன. நம் ஊரில் 'ஷாக் ட்ரீட்மென்ட்' என்ற சொல்லைக் கேட்டாலே என்ன நடக்குமோ அதேதான் அங்கும் நடந்தது. முதலில் முழு ஆதரவு என்று அறிவித்த மெக்கவர்ன், அடுத்த சில நாட்களிலேயே அவரைக் கழற்றிவிட்டார். வேட்பாளராக ஈகிள்டன் இருந்தது 18 நாட்கள். ஆனால் மிசௌரி மக்கள் அவரை 1974-இலும் 1980-இலும் மீண்டும் செனட்டுக்கு அனுப்பினார்கள். கம்போடியாமீது குண்டு வீசுவதற்கான நிதியை நிறுத்த 1973-இல் செனட்டில் திருத்தம் கொண்டுவந்தவரும் அவர்தான். அவரிடம் உண்மையில் குறை சொல்ல வேண்டுமானால், மெக்கவர்னிடம் முன்கூட்டியே சொல்லாமல் மறைத்ததைச் சொல்லலாம். அதுகூட, சொன்னால் என்ன ஆகும் என்று தெரிந்த ஒருவரின் மறைப்புதான்.

நார்வேயில் 1998 ஆகஸ்ட் இறுதியில் பிரதமர் ஷெல் மாக்னே பொண்டெவிக், தனக்கு மனச்சோர்வு ஏற்பட்டிருப்பதாக வெளிப்படையாக அறிவித்து விடுப்பில் போனார். அவருடைய பொறுப்பை வேறொரு அமைச்சர் கவனித்துக்கொண்டார். மூன்று வாரங்களுக்குச் சற்று அதிகமான ஓய்வுக்குப் பின் அவர் திரும்பி வந்தார். 2000-இல் அவர் அரசு கவிழ்ந்தது, ஆனால் அது ஓர் எரிவாயு மின்நிலையம் பற்றிய கொள்கைச் சண்டையில். 2001-இல் மறுபடி பிரதமரானவர், நான்கு ஆண்டுகள் பதவியில் இருந்தார்.

எனவே, 'நோய் வந்ததா?' என்பதைவிட, 'வந்தபோது என்ன செய்தார்?' என்பதே பொருத்தமான கேள்வி. சிகிச்சைக்குப் போனாரா, பொறுப்பை மாற்றிக் கொடுத்தாரா, குணமானபின் திரும்பினாரா என்று பாருங்கள். நோய் எதுவும் இல்லாத பலர் இந்த மூன்றையும் செய்யத் தெரியாமல் நாடுகளை நாசப்படுத்தியிருக்கிறார்கள். நம் தஞ்சாவூர் வாசகி தன் வீட்டில் யாரையாவது மனத்தில் வைத்துக் கேட்டிருந்தால், அவருக்கும் இதையே சொல்வேன்: ஒரு காலத்தில் சிகிச்சை பெற்றதை வைத்து வேலைக்கு லாயக்கில்லை என்று யாரையும் ஒதுக்காதீர்கள்.

கேள்வி: நோய்ப்பெயர் வேண்டாம் என்கிறீர்கள், சரி. ஆனால் உளவு நிறுவனங்கள் எதிரி நாட்டுத் தலைவர்களின் மனத்தை ஆராய்ந்து அறிக்கை தயாரிக்கின்றனவே? சாதாரண வாக்காளர் எதை வைத்துத் தலைவரின் குணத்தை அளப்பது?
*(வாசகர், கோயம்புத்தூர்)*

பதில்: தயாரிக்கின்றன. 1943-இல் அமெரிக்க உளவுத் துறைக்காக வால்ட்டர் லேங்கர் என்ற உளப்பகுப்பாய்வாளர் ஹிட்லரைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். தோல்வி நெருங்கினால் அவர் தற்கொலை செய்துகொள்வதே அதிகம் சாத்தியம் என்ற கணிப்பு அதில் இருந்தது. 1945 ஏப்ரல் 30 அன்று அது நடந்தது. அதே அறிக்கையில் ஹிட்லரின் அந்தரங்க வாழ்க்கை பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் வம்புப்பேச்சின் தரத்தில் இருக்கின்றன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1978-இல் எகிப்தின் சதாத்தும் இஸ்ரேலின் பெகினும் கேம்ப் டேவிட்டுக்கு வந்தபோது, அவர்களைப் பற்றி மருத்துவர் ஜெரால்ட் போஸ்ட்டின் குழு தயாரித்த குறிப்புகளை அதிபர் கார்ட்டர் படித்துவிட்டுத்தான் பேச்சுக்கு அமர்ந்தார். ஆனால் இவற்றின் நோக்கம் வேறு. எதிரில் இருப்பவர் அடுத்து என்ன செய்வார், எதற்கு இணங்குவார் என்று ஊகிப்பதற்கான குறிப்புகள் அவை. பதவிக்கு இவர் தகுதியா என்று சான்றிதழ் தருவதற்காக எழுதப்பட்டவை அல்ல.

வாக்காளருக்கு நான் சொல்வது இதுதான்: மனத்துக்குள் நுழைய முயலாமல், பதிவாகியிருக்கும் நடத்தையைப் பாருங்கள். அதிலும் குறிப்பாக, தவறு செய்த பிறகு ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பாருங்கள்.

1961 ஏப்ரலில் கியூபாவின் பன்றிகள் வளைகுடாவில் அமெரிக்கா பின்னிருந்து நடத்திய படையெடுப்பு மூன்றே நாளில் படுதோல்வியில் முடிந்தது. திட்டத்தைத் தயாரித்தது முந்தைய ஆட்சி, உறுதி அளித்தது உளவு நிறுவனம். ஆயினும் அதிபர் கென்னடி செய்தியாளர்கள் முன் பொறுப்பைத் தானே ஏற்றார். அதைவிட முக்கியமானது அதன் பிறகு நடந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் சோவியத் ஏவுகணைகள் கியூபாவில் இருப்பது தெரிந்தபோது, அவர் ஆலோசனை கேட்கும் முறையே மாறியிருந்தது. வெவ்வேறு துறையினரை ஒரே மேசையில் அமரவைத்து ஒருவரை ஒருவர் மறுக்கவிட்டார். தான் இருந்தால் தன் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள் என்று சில கூட்டங்களுக்கு வராமலே இருந்தார். முதல் நாளில் விமானத் தாக்குதல் பக்கம் சாய்ந்திருந்த அந்தக் குழு, கடைசியில் கடல்வழி முற்றுகையைத் தேர்ந்தெடுத்தது. அணு ஆயுதப் போர் மூளவில்லை; அதனால்தான் நாம் இன்று இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். இதே கென்னடி, தனக்கு அடிசன் நோய் (அட்ரினல் சுரப்பிக் குறைபாடு) இருப்பதை மக்களிடம் மறைத்தவர் என்பதையும் நினைவில் வையுங்கள்; யாரையும் முழுக்க வெள்ளையாகவோ கறுப்பாகவோ பார்க்க இந்த முறை இடம் தராது.

ஜேம்ஸ் டேவிட் பார்பர் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் இப்படித்தான் வேலை செய்தார். அதிபர்களின் வாழ்க்கைப் பதிவுகளை எடுத்துக்கொண்டு இரண்டே கேள்விகள் கேட்டார்: வேலையில் எவ்வளவு சக்தியைச் செலவிடுகிறார்? அந்த வேலையில் அவருக்கு மகிழ்ச்சி இருக்கிறதா? ஓயாமல் உழைத்தும் மகிழ்ச்சி காணாதவர், தோற்றுக்கொண்டிருக்கும் கொள்கையைத் தன்மானப் பிரச்சினையாக்கிக் கட்டிக்கொண்டு அழிவார் என்றார்; அந்த வரிசையில் வில்சன், ஹூவர், ஜான்சன் ஆகியோரோடு நிக்சனையும் வைத்தார். வாட்டர்கேட் விவகாரம் வெடித்தபோது அவர் கணிப்பு பலித்ததாகப் பேசப்பட்டது. உழைப்பும் மகிழ்ச்சியும் சேர்ந்த நல்ல வரிசையில் அவர் வைத்த கார்ட்டர் ஒரே பதவிக்காலத்தோடு தோற்றுப்போனார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கெட்ட செய்தி கொண்டுவருகிற அதிகாரி அந்தத் தலைவரிடம் எவ்வளவு காலம் பதவியில் நீடிக்கிறார், நெடுநாள் கூட இருந்தவர்கள் ஏன் விலகினார்கள், நீதிமன்றம் எதிராகத் தீர்ப்புச் சொன்னால் கட்டுப்படுகிறாரா ஆகிய மூன்றையும் செய்தித்தாள் படிக்கிற எவரும் கவனித்து வைக்க முடியும். அதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை.

கேள்வி: பதவியில் இருக்கும்போதே ஒருவருக்கு உண்மையிலேயே மனம் பேதலித்துவிட்டால்? அப்போதும் மருத்துவர்கள் முடிவு செய்யக் கூடாதா?
*(வாசகர், திருநெல்வேலி)*

பதில்: பரிசோதித்துச் சாட்சி சொல்ல வேண்டியது மருத்துவர், முடிவு செய்ய வேண்டியவர்கள் மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். இந்த வரிசை குழம்பியபோதெல்லாம் விபரீதம் நடந்திருக்கிறது.

ஜெர்மனியின் பவேரியப் பகுதி மன்னர் இரண்டாம் லுட்விக், கோட்டைமேல் கோட்டையாகக் கட்டிக் கடனில் மூழ்கினார். அவரைப் பதவியிலிருந்து இறக்க விரும்பிய அமைச்சர்கள் 1886 ஜூனில் பெர்ன்ஹார்ட் ஃபொன் குடன் தலைமையில் நான்கு மனநல மருத்துவர்களிடம் அறிக்கை வாங்கினார்கள். பணியாளர்களின் வாக்குமூலங்களைப் படித்தே, மன்னரைப் பரிசோதிக்காமல், குணமாகாத மனநோய் என்று நால்வரும் கையெழுத்திட்டார்கள். சில நாட்களில், ஸ்டார்ன்பெர்க் ஏரியில் மன்னரும் குடனும் பிணமாக மிதந்தார்கள். என்ன நடந்தது என்பது இன்றுவரை விளங்கவில்லை.

துனிசியாவில் 1987 நவம்பர் 7 அன்று பிரதமர் பென் அலி, 84 வயது அதிபர் பூர்கிபா ஆளும் நிலையில் இல்லை என்று ஏழு மருத்துவர்களிடம் சான்று பெற்று, தானே அதிபரானார். 2011-இல் மக்கள் துரத்தும்வரை இறங்கவில்லை. ஈக்வடாரில் மருத்துவர்களைக்கூடத் தேடவில்லை. தன்னைத் தானே 'பைத்தியக்காரன்' என்று சொல்லிக்கொண்டு தேர்தலில் வென்ற அப்தலா புக்கராமை, 1997 பிப்ரவரியில் நாடாளுமன்றம் மனநலக் குறைபாடு என்று காரணம் காட்டி 44-க்கு 34 வாக்குகளில் நீக்கியது. பதவிநீக்க விசாரணைக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டும், இதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்பதே அந்தக் காரணத்தின் மகிமை. அதன்பின் சில நாட்களுக்கு மூன்று பேர் தாங்களே அதிபர் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

1919-இல் அமெரிக்க அதிபர் வில்சன் பக்கவாதத்தில் படுத்தபோது அவரை யார் பார்க்கலாம், எந்தக் கோப்பு அவரிடம் போகலாம் என்பதை அவர் மனைவி எடித் தீர்மானித்தார். அந்த ஓட்டையை அடைக்க அமெரிக்கர்களுக்குக் கென்னடியின் கொலை வரை ஆயிற்று. 1967-இல் நடைமுறைக்கு வந்த 25-ஆவது திருத்தத்தின்படி, துணை அதிபரும் அமைச்சரவையில் பெரும்பான்மையினரும் எழுதிக் கொடுத்தால் அதிபரின் அதிகாரம் துணை அதிபருக்குப் போகும். அதிபர் மறுத்தால் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். மருத்துவர் என்ற சொல்லே அந்தத் திருத்தத்தில் இல்லை. அதிபரின் விருப்பத்துக்கு மாறான இந்தப் பிரிவு இதுவரை ஒருமுறைகூடப் பயன்பட்டதில்லை. பயன்படுத்துவது அவ்வளவு கடினமாக இருப்பது நல்லதுதான் என்பது என் எண்ணம்.

கேள்வி: நம் நாட்டுச் சட்டத்தில் இதற்கு என்ன ஏற்பாடு?
*(வாசகி, சென்னை)*

பதில்: அரசமைப்புச் சட்டத்தின் 102-ஆவது பிரிவு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும், 191-ஆவது பிரிவு சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் ஒரே விதியை வைத்திருக்கின்றன: சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று தகுதியுள்ள நீதிமன்றம் அறிவித்திருந்தால்தான் தகுதியிழப்பு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், ஒருவருக்கு மனநோய் உண்டு என்று கண்டறிந்ததாலேயே அவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார் என்றும், அரசியல் நிலையை வைத்து மனநோயைத் தீர்மானிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. இந்த அளவில் நம் சட்டம் தெளிவு.

தெளிவில்லாத இடம், பிரதமரோ முதல்வரோ தற்காலிகமாகச் செயலிழக்கும் நிலை. அதற்குத் தனி ஏற்பாடு இல்லை. அவை நம்பிக்கை வைத்திருக்கும்வரை அவர் பதவியில் இருக்கிறார். 1984-இல் எம்.ஜி.ஆர். நியூயார்க் மருத்துவமனையில் படுத்திருந்தபடியே ஆண்டிபட்டியில் வென்றார். அவர் அங்கே இருக்கும் காட்சிகளை ஊர் ஊராகத் திரையிட்டார்கள். 2016-இல் ஜெயலலிதா மருத்துவமனையில் இருந்தபோது அவருடைய துறைகளை ஓ. பன்னீர்செல்வம் கவனிப்பார் என்று ஆளுநர் அறிவித்தார். முதல்வராக ஜெயலலிதாவே தொடர்ந்தார். இரண்டும் உடல்நோய்கள். மனநோயாக இருந்திருந்தாலும், நீதிமன்றம் அறிவிக்காதவரை, சட்டப்படி நிலைமை இதேதான்.